ஒரு கார், இரண்டு எரிபொருள், ஒற்றை எண்

(ஏற்காட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சினிடையே வந்த கிளைக்கதைகளும் இறுதியில் நடந்த கேள்வி நேரமும் நீக்கப்பட்டுள்ளன.)



தலைப்பைக் கேட்டதும் அமைப்பாளர்கள் சற்றுத் தயங்கினார்கள். பிளக்-இன் ஹைப்ரிட் கார் நம் ஊரில் அபூர்வம். விலையோ கோடியைத் தொடுவது. அதன் மைலேஜைப் பற்றி இந்த மலையில் பேசி யாருக்கு என்ன பயன் என்ற தயக்கம் நியாயமானதுதான். என் பதில் இது. இந்த வகைக் கார்கள் விலை குறைந்து நம்மிடம் வரும் காலத்தில், அவற்றின் முன்கண்ணாடியில் ஓர் எண் ஒட்டப்பட்டிருக்கும். அந்த எண்ணைப் படிக்கத் தெரியாமல் பணக்கார நாடுகளே பல ஆண்டுகள் ஏமாந்திருக்கின்றன. அவர்கள் கட்டிய அபராதத்தை நாமும் கட்ட வேண்டியதில்லை. அந்த எண் எங்கே பிசகுகிறது என்று விளக்க, சேலத்திலிருந்து இந்த மலைமேல் உள்ள சேர்வராயன் கோயிலுக்கு ஏறும் சாலையைவிட நல்ல சோதனைக்கூடம் கிடைக்காது.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இன்னோவா ஹைகிராஸ், கிராண்ட் விட்டாரா போன்ற ஹைப்ரிட் கார்கள் நம் சாலைகளில் ஓடுகின்றன. அவற்றில் மோட்டாரும் பேட்டரியும் உண்டு. சுவரில் செருகும் பிளக் கிடையாது. பேட்டரிக்கு வரும் மின்சாரம் முழுவதும் பெட்ரோலிலிருந்து பிறந்ததுதான். ஆகவே ஹைகிராஸுக்கு லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர் என்றும், கிராண்ட் விட்டாராவுக்கு 27.97 என்றும் சொல்லும்போது, அந்த எண் ஊற்றிய பெட்ரோல் முழுவதற்கும் கணக்குச் சொல்கிறது. பிளக்-இன் ஹைப்ரிடின் பேட்டரி பெரியது. வீட்டுச் சுவரிலிருந்து சார்ஜ் ஏற்றி 40, 50 கிலோமீட்டர் மின்சாரத்திலேயே ஓட்டலாம். அது தீர்ந்தால் பெட்ரோல் என்ஜின் பொறுப்பேற்கும். இந்தக் காரை ‘லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?’ என்று கேட்பது, கேஸ் அடுப்பும் இன்டக்‌ஷன் அடுப்பும் இருக்கும் வீட்டில் ‘சிலிண்டர் எத்தனை நாள் வருகிறது?’ என்று கேட்பதைப் போன்றது. பதில் அடுப்பில் இல்லை. சமைப்பவர் கையில் இருக்கிறது.

இன்று நான் நிறுவ விரும்பும் கருத்து இதுதான்: பிளக்-இன் ஹைப்ரிடுக்குத் தரப்படும் ஒற்றை மைலேஜ் எண், காரின் திறனை அளப்பதில்லை. காரின் திறனோடு, அதை ஓட்டுபவர் எத்தனை முறை சார்ஜ் செய்வார் என்ற அனுமானத்தையும் கலந்து பிசைந்தது அது. அனுமானத்தைப் பிரித்தெடுத்தால்தான் கார் தெரியும். இதை ஏழு பகுதிகளாகச் சொல்கிறேன்.

1. எண் பிறக்கும் இடம்

மைலேஜ் சோதனை சாலையில் நடப்பதில்லை. புணேயிலுள்ள வாகன ஆராய்ச்சி நிறுவனமான அராய் போன்ற கூடங்களில் காரை உருளைகளின் மேல் நிறுத்தி, விதித்த வேகங்களில் ஏறத்தாழ 20 நிமிடம் ஓட்டுவார்கள். இந்திய ஓட்டச் சுழற்சியில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். பெட்ரோல் காருக்கு இந்த ஒரு சோதனை போதும். பிளக்-இன் ஹைப்ரிடுக்கு இரண்டு வேண்டும்: பேட்டரி நிரம்பிய நிலையில் ஒன்று, தீர்ந்த நிலையில் ஒன்று. இரண்டு விடைகளையும் ஒன்றாக்க ஒரு விகிதம் தேவை. தகராறு முழுவதும் அந்த விகிதத்தில்தான் குடியிருக்கிறது.

ஐரோப்பாவின் பழைய விதி எளிமையானது. பேட்டரி தீரும்வரை ஓடி, அதன்பின் 25 கிலோமீட்டர் பெட்ரோலில் ஓடி, உடனே மறுபடி சார்ஜ் செய்துவிடுவார் என்று அது வைத்துக்கொண்டது. ஒரு மாதிரிக் காரை எடுத்துக்கொள்வோம். முழுச் சார்ஜுக்கு 9 யூனிட். சமதளத்தில் அதில் 50 கிலோமீட்டர் ஓடும். பேட்டரி தீர்ந்தால் லிட்டருக்கு 15 கிலோமீட்டர். பழைய விதிப்படி 75 கிலோமீட்டர் ஓட்டத்தில் பெட்ரோல் செலவாவது 25 கிலோமீட்டருக்கு மட்டும். 75 கிலோமீட்டரை அந்தப் பெட்ரோலால் வகுத்தால் லிட்டருக்கு 45 வருகிறது! என்ஜினில் ஒரு திருகாணியையும் தொடாமல் 15 என்பது 45 ஆகிவிட்டது. செலவான 9 யூனிட் மின்சாரம் அந்த எண்ணில் எங்கும் இல்லை.

2. ‘230’ என்ற விளம்பரம்

2009 ஆகஸ்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் செவர்லே வோல்ட் கார் நகர ஓட்டத்தில் ஒரு கேலனுக்கு 230 மைல் தரும் என்று அறிவித்தது. நம் கணக்கில் லிட்டருக்கு ஏறத்தாழ 98 கிலோமீட்டர். நிறுவனம் பொய் சொல்லவில்லை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அப்போது வரைவாக வைத்திருந்த கணக்குமுறையில் அந்த எண் வந்தது. 2010இன் இறுதியில் கார் விற்பனைக்கு வந்தபோது முகமை ஒட்டிய சீட்டில் 230 இல்லை. மின்சாரத்தில் ஓடினால் கேலனுக்குச் சமமாக 93 மைல், பெட்ரோலில் ஓடினால் 37 மைல், இரண்டும் சேர்த்து 60 மைல் என்று எழுதியிருந்தது.

அந்தச் சீட்டு செய்த நல்ல காரியம், இரண்டு எரிபொருளுக்கும் தனித்தனி எண் கொடுத்தது. பெட்ரோலில் லிட்டருக்கு 15.7 கிலோமீட்டர் என்ற உண்மை அதில் மறையவில்லை. மின்சாரத்தை மைலேஜாக மாற்ற, ஒரு கேலன் பெட்ரோலின் வெப்ப ஆற்றல் 33.7 யூனிட்டுக்குச் சமம் என்ற மாற்றளவை முகமை வைத்தது. அந்த மாற்றளவுக்குள்ளும் ஒரு குறை உண்டு. ஆறாம் பகுதியில் அதற்கு வருகிறேன்.

3. ஒரே கார், இரு நாடு

பி.எம்.டபிள்யூ. ஐ8 காரை 2015இல் இந்தியாவில் அறிமுகப்படுத்தினார்கள். ஐரோப்பியப் பழைய விதிப்படி அதற்கு 100 கிலோமீட்டருக்கு 2.1 லிட்டர், அதாவது லிட்டருக்கு 47 கிலோமீட்டருக்கு மேல். பேட்டரி தீர்ந்த நிலையில் அமெரிக்க முகமை அளந்தபோது கேலனுக்கு 28 மைல். லிட்டருக்குச் சுமார் 12 கிலோமீட்டர்.

2022 டிசம்பரில் வந்த எக்ஸ்.எம். இன்னும் தெளிவான உதாரணம். 2,700 கிலோ எடை, 650 குதிரைத்திறனுக்கு மேல். இந்தியாவில் வெளியான மைலேஜ் லிட்டருக்கு 61.9 கிலோமீட்டர். அமெரிக்கச் சீட்டில் பெட்ரோல் ஓட்டத்துக்குக் கேலனுக்கு 14 மைல். லிட்டருக்கு 6 கிலோமீட்டர்கூட இல்லை. ஒரு சிறிய மோட்டார் சைக்கிளின் மைலேஜும் ஒரு லாரியின் மைலேஜும் ஒரே வண்டிக்குச் சொந்தமாகின்றன! இரண்டு எண்ணும் அவரவர் விதிப்படி சரியானவை. வாங்கப் போகிறவர் கண்ணில் படுவது ஒன்றே ஒன்று.

4. சாலை சொன்ன கணக்கு

அனுமானம் சரியா தவறா என்று சோதிக்க வழி இருக்கிறது. ஐரோப்பாவில் 2021 முதல் பதிவாகும் புதிய கார்களில் எரிபொருள் செலவைப் பதிவு செய்யும் கருவி கட்டாயம். ஏறத்தாழ 6 லட்சம் வாகனங்களின் பதிவுகளைத் திரட்டி 2024 மார்ச்சில் ஐரோப்பிய ஆணையம் அறிக்கை வெளியிட்டது. பெட்ரோல், டீசல் கார்கள் சோதனைக்கூட எண்ணைவிடச் சாலையில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாகப் புகை கக்கின. பிளக்-இன் ஹைப்ரிட் கார்கள் கக்கியது சோதனை எண்ணைப் போல் சராசரியாக 3.5 மடங்கு.

காரணங்கள் இரண்டு. முதலாவது, மக்கள் எதிர்பார்த்த அளவுக்குச் சார்ஜ் செய்யவில்லை. நிறுவனம் கொடுத்த கார், நிறுவனமே கட்டும் பெட்ரோல் பணம் என்றால் இரவில் கேபிளைத் தேடிச் செருக யாருக்கு மனம் வரும்? இரண்டாவது, பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போதும் ஏற்றத்திலோ, வேகமாக முந்தும்போதோ, கடும் குளிரிலோ என்ஜின் தானே உயிர்பெற்றுவிடும்.

பாடம் கற்ற ஐரோப்பா மின்சார ஓட்டத்துக்கான பங்கைக் குறைத்துக்கொண்டு வருகிறது. முன்பு சொன்ன பழைய விதிக்குப் பின் வந்த கணக்கில் அளவுகோலாக இருந்த 800 கிலோமீட்டரை 2025 முதல் 2,200 ஆகவும், 2027 முதல் 4,260 ஆகவும் கூட்டும்படி விதி திருத்தப்பட்டது. இந்த எண் பெரிதானால் மின்சாரப் பங்கு சிறிதாகும். பி.எம்.டபிள்யூ. எக்ஸ்1 பிளக்-இன் ஹைப்ரிடுக்கு 800 என்ற கணக்கில் கிலோமீட்டருக்கு 45 கிராம் கரியமில வாயு, அடுத்த கணக்கில் 96, அதற்கடுத்ததில் 122. காரில் எந்த மாற்றமும் இல்லை. மாறியது ஓட்டுநரைப் பற்றிய அரசின் கருத்து.

5. உருளையில் மலை இல்லை

இப்போது நம் சாலைக்கு வருவோம். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 278 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேர்வராயன் கோயில் 1,623 மீட்டரில், 5,326 அடியில். ஏறுவது சுமார் 1,340 மீட்டர். அடிவாரம் கடந்ததும் 20 கொண்டை ஊசி வளைவுகள். நகரத்திலிருந்து கோயில்வரை 35 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சோதனைக்கூட உருளையில் ஒரு மீட்டர் ஏற்றம்கூடக் கிடையாது.

நம் மாதிரிக் காரில் ஆட்களும் பையும் சேர்த்து 2,000 கிலோ. இந்த எடையை 1,340 மீட்டர் தூக்கவே 7.3 யூனிட் வேண்டும். இது எந்த என்ஜினாலும் எந்த மோட்டாராலும் தப்ப முடியாத பௌதிகக் கடன். டயர் உராய்வுக்கும் காற்றுக்கும் இரண்டரை யூனிட். மோட்டாரின் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து பதினொன்று, பன்னிரண்டு யூனிட் கேட்கும். நம்மிடம் இருப்பதோ 9. சமதளத்தில் 50 கிலோமீட்டர் ஓடிய பேட்டரி இங்கே 27 கிலோமீட்டரை ஒட்டித் தீர்ந்துபோகும். ஏற்காடு ஏரி கண்ணில் படும் முன்பே பெட்ரோல் என்ஜின் கிளம்பியிருக்கும். முழு ஏற்றத்தையும் பெட்ரோலிலேயே ஏறினால் 35 கிலோமீட்டருக்கு மூன்றரை லிட்டருக்கு மேல். லிட்டருக்கு 15 என்பது 10க்கும் கீழே இறங்கிவிடும்.

இறக்கத்தில் கணக்கு தலைகீழாகிறது. பெட்ரோல் கார் இந்த 7.3 யூனிட்டில் உருண்டு வரத் தேவையானதுபோக மீதியை பிரேக் தகட்டில் சூடாக்கிக் காற்றில் விட்டுவிடும். ஹைப்ரிட் கார் மோட்டாரை ஜெனரேட்டராகத் திருப்பி, சுமார் 3 யூனிட்டை மீட்டெடுக்கும். சேலத்துக்குள் இன்னும் 15 கிலோமீட்டருக்குமேல் ஓட்ட அது போதும். இங்கே ஒரு நிபந்தனை உண்டு: பேட்டரியில் இடம் இருக்க வேண்டும். மலைமேல் விடுதியில் இரவு முழுவதும் சார்ஜ் போட்டு, காலையில் முழுப் பேட்டரியோடு இறங்குபவருக்கு இறக்கத்தின் கொடை கிடைக்காது. ஏறுமுன் அடிவாரத்தில் நிரப்புங்கள். இறங்குமுன் மேலே நிரப்பாதீர்கள். எந்த மைலேஜ் சீட்டும் இந்த அறிவுரையைச் சொல்லாது.

கோயிலை அடுத்த நிலத்தில் பாக்சைட் வெட்டி லாரிகளில் மலையிறக்கிய காலத்தை இங்குள்ள பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். காலி லாரி ஏறும், பாரம் ஏற்றிய லாரி இறங்கும். ஸ்விட்சர்லாந்தில் பியேல் நகரையடுத்த ஒரு சுண்ணாம்புக்கல் குவாரியில் இதே ஏற்பாட்டுக்கு ஒரு பெரிய லாரியை மின்சாரத்துக்கு மாற்றினார்கள். 65 டன் பாரத்தோடு இறங்கும்போது சேரும் மின்சாரம், காலியாக ஏறத் தேவைப்படுவதைவிட அதிகம் என்று காட்டினார்கள். ஒரு வண்டியின் திறனில் அது ஓடும் நிலத்துக்கும் பங்கு உண்டு.

6. கணக்கின் எல்லைக்கோடு

அதே பாக்சைட் மேட்டூருக்குப் போய் அலுமினியமானது. ஒரு கிலோ அலுமினியம் உருக்க 14 யூனிட் அளவுக்கு மின்சாரம் செலவாகும். காரின் திறன் சீட்டில் அது கணக்கில் வராது. பேட்டரி செய்யும் ஆற்றலும் வராது. சுவர்ப் பிளக்கோடு கணக்கு தொடங்கிவிடுகிறது. 33.7 யூனிட் ஒரு கேலனுக்குச் சமம் என்ற அமெரிக்க மாற்றளவின் குறையும் இங்கேதான். மேட்டூர் அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியின் வெப்பத்தில் மின்சாரமாவது மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். அதே ஊரின் அணையில் பிறக்கும் நீர்மின்சாரத்துக்கு இந்த இழப்பு இல்லை. இரண்டும் ஒரே கம்பியில் கலந்து உங்கள் வீட்டுக்கு வருகின்றன.

சேலத்தில் இரண்டு குடும்பங்கள் நம் மாதிரிக் காரை வாங்கியதாகக் கொள்வோம். ஆண்டில் 300 நாள், நாளுக்கு 30 கிலோமீட்டர். மாதம் ஒருமுறை சென்னைக்குப் போக 340, வர 340. மொத்தம் 17,160 கிலோமீட்டர். முதல் குடும்பம் தினமும் இரவில் சார்ஜ் செய்கிறது, சென்னையிலும் செய்கிறது. அவர்கள் 10,200 கிலோமீட்டர் மின்சாரத்தில் ஓட்டுவார்கள், 1,836 யூனிட். மீதிக்கு 464 லிட்டர் பெட்ரோல். அவர்கள் கண்ட மைலேஜ் லிட்டருக்கு 37. இரண்டாவது குடும்பம் பிளக்கைத் தொடுவதே இல்லை. 1,144 லிட்டர், மைலேஜ் 15. சீட்டில் எழுதிய 45ஐ இருவருமே எட்டவில்லை.

பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், மின்சாரம் யூனிட் 10 ரூபாய் என்றால் முதல் குடும்பத்துக்குச் செலவு 64,760, இரண்டாவதுக்கு 1,14,400. கிட்டத்தட்ட 50,000 ரூபாய் மிச்சம். கரியமில வாயுவில் பாருங்கள். நம் நாட்டு மின்சாரத்துக்கு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ, பெட்ரோல் எரிந்தால் லிட்டருக்குச் சுமார் 2.3 கிலோ என்று வைத்தால், முதல் குடும்பம் 2,350 கிலோ, இரண்டாவது குடும்பம் 2,630 கிலோ. வித்தியாசம் பத்தில் ஒரு பங்கை ஒட்டியது. வண்டியின் புகைக்குழாயை மட்டும் பார்த்தால் முதல் குடும்பத்தின் புகை பாதிக்கும் குறைவு; மின்நிலையப் புகைபோக்கியையும் சேர்த்தால் அந்த மகிழ்ச்சி சுருங்கிவிடும். காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகப் பெருக இந்த வித்தியாசம் விரியும். கார் அதேதான், அதன் தூய்மை மட்டும் மின்வாரியத்தைப் பொறுத்து ஆண்டுக்காண்டு மாறும்.

7. என்ன கேட்க வேண்டும்?

வாங்குபவர் ஷோரூமில் கேட்க வேண்டியவை மூன்று. முழுச் சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? 100 கிலோமீட்டருக்கு எத்தனை யூனிட் இழுக்கும்? பேட்டரி தீர்ந்தபின் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? இந்த மூன்றும் காரின் குணங்கள். நான்காவதாக, நாள்தோறும் எவ்வளவு ஓட்டுகிறோம், வீட்டில் வண்டி நிறுத்துமிடத்தில் பிளக் இருக்கிறதா என்பதை நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை மீதிக் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிடும். வீட்டில் பிளக் இல்லாதவருக்கு இந்தக் கார் வீண் சுமை. பெரிய பேட்டரியைப் பெட்ரோல் செலவில் ஊர் ஊராகத் தூக்கிச் சுமப்பதைவிட, பிளக் இல்லாத ஹைப்ரிடே அவருக்கு மேல்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். நம் நிறுவனச் சராசரி எரிபொருள் விதிகளின் இரண்டாம் கட்டத்தில், ஒரு பிளக்-இன் ஹைப்ரிட் விற்றால் நிறுவனத்தின் கணக்கில் இரண்டரை கார் விற்றதாக எழுதிக்கொள்ளலாம். முழு மின்சாரக் காருக்கு மூன்று, பிளக் இல்லாத வலுவான ஹைப்ரிடுக்கு இரண்டு. சார்ஜே செய்யாத கைகளுக்குப் போனாலும் இந்தச் சலுகை குறைவதில்லை. சலுகையைக் கணிப்பின் பேரில் கொடுக்காமல் சாலையில் ஓடிய பதிவின் பேரில் கொடுங்கள். பதிவுக் கருவியைக் கட்டாயமாக்கி, ஆண்டுதோறும் தொகுப்பை வெளியிடுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்கும் ஏ.சி.க்கும் 2006 முதல் நட்சத்திரச் சீட்டு ஒட்டிப் பழகிய நாடு இது. காருக்கும் சீட்டு வரும் நாளில், பிளக்-இன் ஹைப்ரிடுக்கு ஒற்றை எண்ணையோ ஒற்றை நட்சத்திர வரிசையையோ ஒட்டிவிடாதீர்கள். நான் சொன்ன மூன்று எண்களையும் ஒரே அளவு எழுத்தில் அச்சிடுங்கள்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். சேர்வராயன் கோயிலின் மே மாதத் திருவிழாவுக்கும் கோடை விழாவுக்கும் மலையேறும் வண்டிகளுக்குக் குறைவில்லை. உங்கள் வீட்டு வண்டியோ உறவினர் வண்டியோ, எந்த வகையானாலும் சரி, சேலத்தில் ஒருமுறையும் மேலே ஒருமுறையும் இறங்கியபின் ஒருமுறையும் எரிபொருளை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். ஏற்றத்துக்கு ஓர் எண், இறக்கத்துக்கு ஓர் எண் என்று எழுதி வையுங்கள். எந்தச் சோதனைக்கூடமும் வெளியிடாத மலைச்சாலை மைலேஜ் பட்டியல் ஒன்று உங்கள் பள்ளியிலேயே உருவாகிவிடும். விற்பவர் சொல்லும் எண்ணை அதன்பிறகு நம்பினால் போதும்.